விலை இறங்கும்வரை பொறுக்கலாமா? ஃபேர்காஸ்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

2003 ஆகஸ்டில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நடந்த தரவு அகழ்வு மாநாட்டில் நான்கு பேர் சேர்ந்து எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. விமான டிக்கெட்டை இன்றே வாங்குவதா, பொறுத்து வாங்குவதா என்பதைக் கணினியே கணித்துச் சொல்லும் என்பது அதன் சாரம். அந்தக் கட்டுரையிலிருந்து ஃபேர்காஸ்ட் என்ற நிறுவனம் முளைத்தது. 2008-ல் மைக்ரோசாஃப்ட் அதை விலைகொடுத்து வாங்கியது. 2014-ல் அந்தச் சேவை ஓசைப்படாமல் எடுக்கப்பட்டது.

மலிவாக டிக்கெட் எடுக்க வழி சொல்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. செவ்வாய்க்கிழமை வாங்கு, நள்ளிரவில் தேடு, கடைசி நேரம்வரை விட்டுப்பிடி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அப்படிச் செய்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்டால் பதில் வராது. ஃபேர்காஸ்ட் கதையில் அந்தப் பதில் எண்ணாகவே இருக்கிறது. நிதானமாகப் படித்தால், அந்த நிறுவனம் விற்க வந்த சரக்குக்கே எதிரான முடிவு அந்த எண்களில் ஒளிந்திருப்பது தெரியும் என்பது என் கருத்து.

கேள்வி பிறந்த இடம்

கட்டுரையாளர்களில் முதன்மையானவர் ஓரென் எட்ஸியோனி. அப்போது சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்தவர். தம்பியின் திருமணத்துக்காக லாஸ் ஏஞ்சலிஸ் போக, முந்தி வாங்கினால் மலிவு என்று நம்பி மாதக்கணக்கில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்தார். விமானத்தில் பக்கத்து சீட்காரரிடம் பேச்சுக்கொடுத்தபோது, அவர் வெகு பிந்தி, அதுவும் தன்னைவிடக் குறைந்த விலைக்கு வாங்கியது தெரியவந்தது. வேறு யாராக இருந்தாலும் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பார்கள். எட்ஸியோனி அதை ஓர் ஆராய்ச்சிக் கேள்வியாக்கினார்.

அவர் கேள்வியைச் சுருக்கிய விதம் கவனிக்கத் தக்கது. விமான நிறுவனம் ஏன் இந்த விலை வைக்கிறது என்று துருவ அவர் முயலவில்லை. திரையில் தெரியும் விலை இனி ஏறுமா, இறங்குமா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டார். கணினி ஆராய்ச்சிக்கு அது சரியான முடிவு. டிக்கெட் வாங்கும் நமக்கோ அந்த ‘ஏன்’ தெரிந்தே ஆகவேண்டும்.

ஒரே சீட்டுக்கு எத்தனை விலை

எகானமி என்பது பார்வைக்கு ஒரே வகுப்பு. விற்பனைக் கணினிக்கு அது பல கட்டண வகுப்புகள் கொண்ட அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் எழுத்து, ஒரு விலை, சில நிபந்தனைகள், அந்த விலைக்கு எத்தனை சீட் விற்கலாம் என்ற வரம்பு. கீழடுக்கு தீர்ந்ததும் அடுத்தவருக்கு மேலடுக்கு விலை காட்டப்படும். பக்கத்துப் பக்கத்து சீட்டில் இருக்கும் இருவர் வெவ்வேறு விலை கொடுத்திருப்பது இப்படித்தான்.

எந்த அடுக்கில் எத்தனை சீட் திறந்து வைப்பது என்பதற்கு 1972-ல் பிரிட்டனின் பிஓஏசி விமான நிறுவனத்தில் இருந்த கென் லிட்டில்வுட் ஒரு விதி எழுதினார். முழு விலைக்கு வாங்கும் ஆள் பிற்பாடு வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பிடு, அந்த வாய்ப்பை முழு விலையோடு பெருக்கு, வரும் தொகையைவிடச் சலுகை விலை அதிகமாக இருக்கும்வரை சலுகையில் விற்றுக்கொண்டே இரு, குறைந்துவிட்டால் நிறுத்து. அவ்வளவுதான். எந்த சீட்டை எந்த விலைக்கு விற்பது என்று முடிவுசெய்யும் இன்றைய வருவாய் மேலாண்மை மென்பொருள்களின் அடியில் இருப்பது இந்த எளிய ஒப்பீடுதான்.

1978-ல் அமெரிக்கா கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய பிறகு இந்த விதி ஆயுதமாக மாறியது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு விமான நிறுவனம் சந்தையைக் கலக்கியபோது, 1985-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதற்கு ஈடான சலுகை விலையை அறிவித்தது. ஆனால் முன்கூட்டியே வாங்குபவர்களுக்குத்தான், அதுவும் காலியாகப் பறக்கக்கூடிய சீட்டுகளுக்கு மட்டும். அவசரமாகப் போகும் வியாபாரிகள் பழையபடி முழு விலை கொடுத்தார்கள். 1987-ல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் காண்டினென்டல் விமான நிறுவனத்துக்குள் கரைந்துபோனது.

ஆக, திரையில் விலை ஏற இரண்டு காரணங்கள் போதும். கீழடுக்கு விற்றுத் தீர்ந்திருக்கும். அல்லது பயணத்துக்கு 21, 14, 7 நாள் முன்பு வாங்கவேண்டும் என்ற கெடு தாண்டியிருக்கும். விலை இறங்குவதற்கோ, எதிர்பார்த்த கூட்டம் வராமல் மூடிய அடுக்கை நிறுவனம் மறுபடி திறக்க வேண்டும். இல்லையென்றால் போட்டி நிறுவனம் விலையைக் குறைத்து இவர்களும் குறைக்க வேண்டிவரும். ஏறுவதற்கான காரணங்கள் காலண்டரிலேயே எழுதியிருக்கின்றன. இறங்குவதற்கான காரணங்கள் யாராவது தப்புக்கணக்குப் போட்டால்தான் பிறக்கின்றன.

இதிலிருந்து ஒரு சின்ன உபாயம். நான்கு பேருக்கு ஒன்றாகத் தேடும்போது கீழடுக்கில் இரண்டு சீட் மட்டும் மிச்சமிருந்தால், பெரும்பாலான தளங்கள் நான்கு பேருக்கும் மேலடுக்கு விலையையே காட்டும். முதலில் ஒருவருக்கு, பிறகு இருவருக்கு என்று தேடிப் பார்த்தால் விலை எங்கே தாவுகிறது என்பது தெரிந்துவிடும். இரண்டு புக்கிங்காகப் பிரித்து எடுக்கலாம். விமானம் ரத்தானால் இரண்டு புக்கிங்கையும் தனித்தனியே சமாளிக்க வேண்டிவரும், அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

41 நாள் தரவு

ஆய்வுக் குழு இரண்டே தடங்களை எடுத்துக்கொண்டது: லாஸ் ஏஞ்சலிஸ்–பாஸ்டன், சியாட்டில்–வாஷிங்டன். நேரடி விமானம், ஒரு வாரம் கழித்துத் திரும்பும் டிக்கெட், எகானமி. பயணத்துக்கு 21 நாள் முன்பிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பெரிய பயணத் தளத்திலிருந்து விலையைப் பதிவுசெய்தார்கள். ஆறு விமான நிறுவனங்கள், 41 நாட்கள், 12,000-க்கும் மேற்பட்ட விலைப் பதிவுகள்.

லாஸ் ஏஞ்சலிஸ்–பாஸ்டன் தடத்தில் பதிவான மிகக் குறைந்த விலை 275 டாலர். மிக அதிகம் 2,524 டாலர். சியாட்டில்–வாஷிங்டனில் 281-லிருந்து 1,668 வரை. ஒரே நாளில் ஏழு முறை விலை மாறியதும் உண்டு. இந்த இடைவெளியைப் பார்க்கும் எவருக்கும் காத்திருந்து அடிக்கலாம் என்ற ஆசை வரும். ஆனால் இந்த வீச்சுக்குள் தேதி, நிறுவனம், வாங்கிய நேரம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஒரே விமானம் இறங்கக் காத்திருப்பவருக்கு இந்த வீச்சு முழுவதும் கிடைக்கப்போவதில்லை.

ஹாம்லெட் என்று பெயரிட்ட அவர்களது நிரல் மூன்று முறைகளைக் கலந்தது: விலை வரலாற்றிலிருந்து விதிகளைக் கற்கும் முறை, செய்து பார்த்துக் கற்கும் முறை, நகரும் சராசரியை வைத்த காலத்தொடர் கணிப்பு. இதில் மூன்றாவதைத் தனியாக ஓடவிட்டபோது மிச்சத்தைவிட நஷ்டமே அதிகமாக இருந்தது. காரணம் சுவாரசியமானது. ‘பொறு, பொறு’ என்று சொல்லிக்கொண்டே போய் எகானமி தீர்ந்துவிட்டால், அந்தப் பயணியைத் தன் செலவில் உயர்வகுப்பில் ஏற்றுவதாகக் கணக்கில் எழுத வேண்டும் என்பது அவர்கள் தங்களுக்கே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. நேர்மையான கட்டுப்பாடு. காத்திருக்கச் சொல்லும் நம் நண்பர்கள் யாரும் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொரு விஷயமும் கட்டுரையில் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கையாலேயே ஒரு விதி எழுதினார்கள். இதே தடத்தில் முந்தைய விமானங்களுக்கு வழக்கமாக எவ்வளவு தாழ்ந்த விலை வந்தது என்று பார், இன்றைய விலை அதைவிட அதிகமாக இருந்து, பயணத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால் பொறு, இல்லாவிட்டால் வாங்கிவிடு. ஹாம்லெட் இதை முந்தியது உண்மை. ஆனாலும் இந்த எளிய விதியும் மோசமில்லாமல் மிச்சம் பிடித்தது. யாரும் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய விதி இது.

எண்கள் என்ன சொல்கின்றன

கட்டுரையின் சுருக்கத்தில் வரும் எண்கள் பிரபலமானவை. ஹாம்லெட் 341 கற்பனைப் பயணிகளுக்கு 1,98,074 டாலர் மிச்சப்படுத்தியது. வருங்கால விலை முழுவதும் தெரிந்த முக்காலஞானியாக இருந்திருந்தால் அதிகபட்சம் 3,20,572 டாலர் மிச்சமாகியிருக்கும். ஆக, முக்காலஞானியின் மிச்சத்தில் 61.8 சதவீதத்தை ஒரு நிரல் பிடித்துவிட்டது. 41 நாள் தரவில் இது பெரிய சாதனைதான். பத்திரிகைகளும் முதலீட்டாளர்களும் இந்த எண்ணைத்தான் பார்த்தார்கள்.

உள்ளே இருக்கும் அட்டவணையைப் பார்த்தால் வேறொரு படம் தெரிகிறது. சோதனையில் மொத்தம் 4,579 கற்பனைப் பயணிகள். அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குக் காத்திருந்து எந்தப் பயனும் இல்லை. அவர்கள் பார்த்த விலை அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. எல்லாரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஹாம்லெட் மிச்சப்படுத்தியது டிக்கெட் விலையில் 4.4 சதவீதம். முக்காலஞானிக்கே 7 சதவீதம்தான்.

இந்த 7 சதவீதத்தில்தான் இந்த ஆய்வின் மொத்த உயிரும் இருக்கிறது என்று நினைக்கிறேன். எதிர்காலம் முழுவதும் தெரிந்தவரே, வாங்கும் நேரத்தை மட்டும் மாற்றி, சராசரியாக 300 டாலர் டிக்கெட்டில் 21 டாலர்தான் பிடிக்க முடியும். நாளுக்கு நாலு முறை ஆப்பைத் திறந்து பார்க்கும் நமக்கு அதில் எவ்வளவு தேறும்?

இது 2003-ல் வெளியான கட்டுரையின் தரவு, இரண்டு தடங்கள், கடைசி மூன்று வாரங்கள் மட்டும் என்பதை மறக்கக்கூடாது. மாதக்கணக்கில் முன்கூட்டித் தேடுபவருக்கு ஏற்ற இறக்கம் வேறு மாதிரி இருக்கலாம். ஆனாலும் விலை ஏறுவது கெடுவோடு கட்டப்பட்டது, இறங்குவது தப்புக்கணக்கைச் சார்ந்தது என்ற அடிப்படை இன்னும் மாறவில்லை.

அம்புக்குறி விற்ற நிறுவனம்

ஃபேர்காஸ்ட் 2006-ல் முதலில் சியாட்டில், பாஸ்டன் நகரங்களிலிருந்து கிளம்பும் விமானங்களுக்கு மட்டும் சோதனைச் சேவையாக வந்தது. பிறகு பல அமெரிக்க நகரங்களுக்கு விரிந்தது. தேடினால் விலைப் பட்டியலின் பக்கத்தில் ஓர் அம்புக்குறி: விலை ஏறும், இறங்கும் அல்லது அப்படியே இருக்கும். கூடவே எவ்வளவு நம்பிக்கையோடு சொல்கிறோம் என்று ஒரு சதவீதம். பார்க்க அழகாக இருந்தது, அதைவிட முக்கியமாக, தன் சந்தேகத்தையும் சேர்த்துச் சொன்னது.

கணிப்பு நான்கில் மூன்று முறை சரி என்று சொல்லப்பட்டது. கேட்கக் கவர்ச்சியான எண். ஆனால் அவர்களது ஆரம்பச் சோதனையிலேயே முக்கால்வாசிப் பயணிகளுக்கு விலை இறங்கவில்லை. அப்படியென்றால் யார் வந்து கேட்டாலும் ‘இப்போதே வாங்கு’ என்று மட்டும் எழுதிவைத்த பலகையும் அந்தச் சோதனையில் கிட்டத்தட்ட அவ்வளவு சரியாகவே இருந்திருக்கும்! கணிப்புத் துல்லியம் என்று யாராவது விளம்பரம் செய்யும்போதெல்லாம், ஒன்றும் கணிக்காமல் இருந்தால் எத்தனை சதவீதம் சரியாகும் என்று கேட்டுவிடுவது நல்லது.

நிறுவனமே இதை உணர்ந்திருக்க வேண்டும். விரைவிலேயே ஃபேர் கார்டு என்ற ஒன்றை விற்கத் தொடங்கினார்கள். சிறு கட்டணம் கொடுத்தால் இன்றைய விலையை ஒரு வாரத்துக்குப் பாதுகாப்போம். இடையில் ஏறினால் வித்தியாசத்தை நாங்கள் தருகிறோம், இறங்கினால் நீங்கள் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். கணிப்பை விற்க வந்தவர்கள் காப்பீட்டுக்கு நகர்ந்தார்கள். பிற்காலத்தில் மான்ட்ரியலைச் சேர்ந்த ஹாப்பர் ஆப்பும் இதே வழியில்தான் வந்தது. கணிப்பைக் காட்டி ஆட்களை ஈர்த்து, விலையை உறையவைக்கும் வசதியைக் காசுக்கு விற்றது. 2019-ல் கூகுளின் விமானத் தேடல் சேவையான கூகுள் ஃபிளைட்ஸ் சில வாரங்களுக்கு, இறங்காது என்று தான் சொன்ன விலை இறங்கினால் வித்தியாசத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்துச் செய்து பார்த்தது.

மைக்ரோசாஃப்ட் 2008-ல் ஃபேர்காஸ்ட்டுக்குக் கொடுத்தது சுமார் 11.5 கோடி டாலர் என்று அப்போது செய்தி வந்தது. 2009-ல் அது மைக்ரோசாஃப்ட்டின் பயணத் தேடல் சேவையான பிங் டிராவலுக்குள் போனது.

அடுத்த ஆண்டு பெரிய அடி வேறு திசையிலிருந்து விழுந்தது. 2010 ஜூலையில் கூகுள், ஐடிஏ சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தை 70 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. எம்ஐடியிலிருந்து வந்த கணினியாளர்கள் 1996-ல் தொடங்கியது அது. பல பயணத் தளங்களுக்கும் விமான நிறுவனங்களுக்கும் கட்டணத் தேடலைச் செய்துகொடுத்தது அதன் மென்பொருள்தான். போட்டியாளர்கள் எதிர்த்தார்கள். 2011 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை நிபந்தனைகளோடு அனுமதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் ஃபிளைட்ஸ் வந்தது.

ஐடிஏ பற்றி ஒரு துணைச்செய்தி. அங்கே வேலைபார்த்த கார்ல் டி மார்க்கன், கட்டண விதிகளின் பொது வடிவத்தை எடுத்துக்கொண்டால் மிக மலிவான டிக்கெட்டைக் கண்டுபிடிப்பது எந்தக் கணினியாலும் உறுதியாகத் தீர்க்க இயலாத வகைக் கணக்கு என்று காட்டினார். போகும் வழி, இடைநிறுத்தம், கட்டண வகுப்பு, போக வர இரண்டையும் இணைக்கும் நிபந்தனை என்று எல்லாம் ஒன்றையொன்று பின்னிக் கிடக்கின்றன. எனவே தளத்தில் ‘மிகக் குறைந்த விலை’ என்று தெரிவது அந்த ஓரிரு விநாடிகளில் தேடிக் கிடைத்தவற்றுள் குறைந்தது, அவ்வளவே. இரண்டு தளங்களில் ஒரே தேடலுக்கு வேறு வேறு விலை வருவதில் சூழ்ச்சியைத் தேட வேண்டியதில்லை. மறைமுக உலாவலில் (இன்காக்னிட்டோ) தேடினால் மலிவு என்ற நம்பிக்கையும் பெரும்பாலும் இப்படிப் பிறந்ததுதான்: முதலில் பார்த்தது சேமித்துவைத்த பழைய விலை, அல்லது இடையில் யாரோ அந்த அடுக்கின் கடைசி சீட்டை வாங்கிவிட்டார்கள்.

ஃபேர்காஸ்ட்டின் அம்புக்குறி 2014-ல் மறைந்தது. என் பார்வையில் அதன் பலவீனம் முதல் கட்டுரையிலேயே இருந்தது. 4 சதவீதச் சராசரி மிச்சத்துக்காக ஒரு தளத்துக்கு விசுவாசமாக இருக்க எந்தப் பயணிக்கும் காரணமில்லை. டிக்கெட் விற்றுக் கமிஷன் பார்க்கும் தளத்துக்கும் ‘இன்று வாங்காதே’ என்று சொல்வதில் லாபமில்லை.

இன்று அந்தக் கேள்வியின் நிலை

எட்ஸியோனியின் கேள்வியில் ஒரு மௌனமான எடுகோள் உண்டு: வாங்கினால் வாங்கியதுதான், திருப்ப முடியாது. அன்று அது உண்மை. அமெரிக்கச் சந்தையில் அதற்குப் பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன.

2012 முதல் நடைமுறையில் உள்ள போக்குவரத்துத் துறை விதிப்படி, பயணத்துக்கு ஏழு நாள் அல்லது அதற்கு மேல் இருக்கும்போது விமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் அபராதமில்லாமல் ரத்துசெய்யலாம்; அல்லது பணம் கட்டாமலே அந்த விலையை நிறுவனம் 24 மணி நேரம் நிறுத்திவைக்கும். இரண்டில் ஒன்றை அவர்கள் தந்தாக வேண்டும். இடைத்தரகுத் தளங்களை இந்த விதி கட்டுப்படுத்தாது. ஒப்பீட்டுத் தளத்தில் தேடி, நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு இது ஒரு வலுவான காரணம்.

இரண்டாவது, 2020 ஆகஸ்ட் கடைசியில் யுனைடெட் விமான நிறுவனம் உள்நாட்டு டிக்கெட்டுகளை மாற்றுவதற்கான கட்டணத்தை நீக்கியது. டெல்டாவும் அமெரிக்கனும் உடனே பின்தொடர்ந்தன. நிபந்தனைகள் மிகுந்த மலிவு அடுக்கான பேசிக் எகானமிக்கு இந்தச் சலுகை கிடையாது. சாதாரண எகானமி வாங்கியவர், பிறகு அதே விமானம் இறங்கினால், புது விலைக்கு மாற்றிக்கொண்டு வித்தியாசத்தைப் பிற்காலப் பயணத்துக்கான வரவாகப் பெறலாம். பணமாகக் கையில் வராது. அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு.

இதனால் ‘வாங்கவா, பொறுக்கவா’ என்ற கேள்வியே ஏறக்குறைய கரைந்துவிடுகிறது. தடத்தின் வழக்கமான விலை என்ன என்பதைத் தேடுதளங்களே இப்போது வரைபடமாகக் காட்டுகின்றன. இருபது ஆண்டுக்கு முன் கையால் எழுதிய அந்த எளிய விதிக்குத் தேவையான எண் அதுதான். இன்றைய விலை அதற்குள் இருந்தால் வாங்கிவிட்டு, விலை எச்சரிக்கையை அணைக்காமல் வைத்திருக்கலாம். இறங்கினால் மாற்றிக்கொள்வது, ஏறினால் நமக்கென்ன. மேலே இருந்தால், தேதியையோ கிளம்பும் நேரத்தையோ பக்கத்து விமான நிலையத்தையோ மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை. பத்து நாள் பொறுத்துக் கிடைக்கும் 7 சதவீதத்தைவிட, ஒரு நாள் முன்னும் பின்னும் நகர்த்திக் கிடைக்கும் வித்தியாசம் அடிக்கடி பெரியது. காரணம், ஒவ்வொரு விமானத்துக்கும் கீழடுக்கு தனியாகத் தீர்கிறது.

கடைசியாக ஒரு கணக்கு. பேசிக் எகானமி 300 டாலர், மாற்றும் வசதியுள்ள எகானமி 340 டாலர் என்று வைத்துக்கொள்வோம். விலை இறங்கினால் மாற்றிக்கொள்ளலாமே என்ற ஒரே நோக்கத்தில் அந்த 40 டாலரைக் கொடுக்கலாமா? முக்காலஞானியின் 7 சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொண்டாலும் 340-ல் வருவது சுமார் 24 டாலர், அதுவும் வரவாக. விலை நோக்கத்துக்கு மட்டும் என்றால் பேசிக் எகானமியே மலிவு. பயணத் தேதியே மாறக்கூடும் என்றாலோ, சீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றாலோ அது வேறு கணக்கு.